நடுவில் நிற்கும் கை – 7: சுவருக்குச் சொந்தக்காரர்

சென்ற வாரம் 1910 மார்ச்சில் நிறுத்தியிருந்தோம். பாரதியின் ‘இந்தியா’ வார இதழ் 1908 முதல் புதுச்சேரியில் அச்சாகிவந்தது. பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சகத்தைத் தொட பிரிட்டிஷ் அரசுக்கு அதிகாரம் இல்லை. அச்சகத்தின் மேல் கை வைக்க முடியாதவர்கள் தபாலின் மேல் வைத்தார்கள். எல்லை தாண்டிய கட்டுகள் வழியிலேயே மறிக்கப்பட்டன. எழுதுகிறவர் இந்தப் பக்கம் இருக்கிறார், சந்தா கட்டியவர் அந்தப் பக்கம் காத்திருக்கிறார், நடுவில் பாதை அடைபட்டுவிட்டது. இதழ் நின்றுபோனது.

பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் பத்திரிகைகளுக்குக் காவலாக இருந்த சட்டத்துக்குள் இன்னொரு பிரிவு ஒளிந்திருக்கிறது என்று சொல்லி முடித்திருந்தேன். அதைத் திறந்து பார்க்கும் வாரம் இது.

1881 ஜூலை 29. பிரான்சில் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் பிறந்த நாள். பாரிசுக்குப் போய்வந்த நம்மூர்க்காரர்கள் இந்தத் தேதியைத் தங்களுக்குத் தெரியாமலே படித்திருப்பார்கள். பள்ளிக்கூடச் சுவர்களிலும் பழைய அரசுக் கட்டடங்களிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: ‘சுவரொட்டி ஒட்டத் தடை – 1881 ஜூலை 29 சட்டம்.’ பத்திரிகைக்காகப் போட்ட சட்டம் சுவருக்கு எப்படி வந்தது? அச்சடித்த தாளை நாலணாவுக்கு விற்றாலும் தெருச்சுவரில் ஒட்டினாலும் அதுவும் பேச்சுதான் என்று எண்ணி, இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தார்கள். 69ஆம் பிரிவு அந்தச் சட்டம் குடியேற்றப் பகுதிகளுக்கும் பொருந்தும் என்றது. புதுச்சேரிக்கும் அது வந்தது இப்படித்தான்.

நமக்கு வேண்டியது 17ஆம் பிரிவு. அரசு ஒட்டிய அறிவிப்பைக் கிழித்தால் அபராதம். தனிமனிதர் ஒட்டிய தேர்தல் சுவரொட்டியைக் கிழித்தாலும் அபராதம். அந்த இரண்டாவது விதிக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தார்கள். உன் சொந்த இடத்தில் ஒட்டியதை நீயே கிழித்தால் குற்றமில்லை.

ஒரே வரிதான். அதன் முழு எடையும் தெரிய நெல்லித்தோப்பில் ஒரு மதில் சுவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் காதணி விழா. அதன் மேல் பாதி மறைத்து மஞ்சள் நீராட்டு. அதற்கும் மேல், இன்னும் பசை காயாமல், கண்ணீர் அஞ்சலி. ஓரத்தில் கிழிந்து தொங்கும் சினிமா போஸ்டரில் கதாநாயகனின் ஒரு கண் மட்டும் மிச்சம். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். 2016 நவம்பரில் முதலமைச்சர் நாராயணசாமியே இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த தொகுதி இது. விடியற்காலையில் மைதாப் பசை வாளியோடு ஒரு பையன் வருவான். வீட்டுக்கார அம்மா ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவார்: “ஏம்பா, இப்பதானே வெள்ளை அடிச்சோம், வேற இடம் கெடைக்கலியா?” பையன் தலையைச் சொறிவான்: “ஒரு நாளைக்குத்தாங்கா, நாளைக்கு நீங்களே கிழிச்சிடுங்க.” மறுநாள் அந்த அம்மா தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, பழைய கரண்டியால் சுரண்டி எடுப்பார். யாரும் வழக்குப் போட மாட்டார்கள். சுவர் அவருடையது.

இப்போது தெருக்கோடியில் மூன்றாமவர் ஒருவர் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். போகிற வருகிற போஸ்டர்களையெல்லாம் அவரே பறித்துக் கிழிக்கிறார். “உங்க சுவரைச் சுத்தமா வச்சிருக்கேன், நல்லதுதானே செய்யுறேன்” என்கிறார். அந்த அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லதா, கெட்டதா?

2013 ஜனவரியில் பிரான்ஸ் முழுவதும் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது.

*

2013 ஜனவரி 3, வியாழக்கிழமை. புத்தாண்டு விடுமுறையின் சோம்பல் இன்னும் தீரவில்லை. ‘ஃப்ரீ’ என்ற இணைய நிறுவனம் தன் வாடிக்கையாளர் வீடுகளில் இருந்த ‘ஃப்ரீபாக்ஸ்’ பெட்டிகளுக்குப் புதிய மென்பொருளை அனுப்பியது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர் வீட்டைப் புதுச்சேரியில் சொல்தா வீடு என்று சொல்வோமே, அப்படிப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பாரிஸ் புறநகர்களில் வாழ்கிறார்கள். அந்தப் பெட்டியின் பெயர் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மென்பொருள் இறங்கியதும் விளம்பரங்கள் மறைந்தன. கணினியில், தொலைபேசியில், அந்தப் பெட்டி வழியாக இணையத்தைத் தொட்ட எல்லாவற்றிலும். வீட்டில் யாரும் எதையும் நிறுவவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. தடுப்பு தானாகவே இயங்கும் நிலையில் வந்திருந்தது. வேண்டாம் என்றால் பெட்டியின் அமைப்புகளுக்குள் போய் நிறுத்த வேண்டும். எத்தனை வீட்டில் அதைச் செய்வார்கள்?

ஃப்ரீயின் முதலாளி சவியே நியேல். சந்தாதாரர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். முந்தைய ஆண்டு ஜனவரியில்தான் மாதம் 2 யூரோவுக்குக் கைபேசிச் சேவை என்று அறிவித்துப் பழைய நிறுவனங்களை உலுக்கியிருந்தார். அதனால் முதல் நாள் பலர் கைதட்டினார்கள். மக்களுக்காக நிற்கும் மனிதர், விளம்பரத் தொல்லையையும் ஒழித்துவிட்டார் என்றார்கள்.

கணக்குத் தெரிந்தவர்கள் வேறு இடத்தைப் பார்த்தார்கள். யூடியூப் காணொளிகள் ஃப்ரீயின் கம்பிகளை நிரப்பிக்கொண்டிருந்தன. அந்தச் சுமைக்குக் கூகுள் பணம் தர வேண்டும் என்று ஃப்ரீ கேட்டுவந்தது, கூகுள் தரவில்லை. கூகுளின் உயிர்நாடி விளம்பரம். அந்த நாடியில் விரலை வைத்து அழுத்தியிருக்கிறார் நியேல் என்று பாரிஸ் பத்திரிகைகள் எழுதின.

அந்த அழுத்தத்தில் முதலில் மூச்சுத் திணறியது கூகுள் அல்ல. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பி நடந்துகொண்டிருந்த சிறு செய்தித் தளங்களும், ஓரிருவர் சேர்ந்து நடத்தும் தளங்களும்தான். வாசகர் அவர்களை வெறுத்து ஒதுக்கவில்லை. வாசகரிடம் யாரும் கேட்கவே இல்லை. இரண்டு யானைகள் மோதும்போது நசுங்குகிற புல் எது என்று அந்த வாரம் தெளிவாகத் தெரிந்தது. சிறு தமிழ்த் தளம் ஒன்றை நடத்திப் பார்த்தவர்களுக்கு அந்த வலி புரியும்.

டிஜிட்டல் பொருளாதாரத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ஃப்ளர் பெல்ரன். ஜனவரி 7, திங்கட்கிழமை அவர் எல்லாத் தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்து, ஃப்ரீ தடுப்பை விலக்கிக்கொள்ளும் என்று அறிவித்தார். விளம்பரங்கள் திரும்பி வந்தன. மொத்தம் ஐந்து நாள் நாடகம். ஆனால் அந்த ஐந்து நாளில் ஒரு விஷயம் உலகத்துக்கே அம்பலமாகிவிட்டது. வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, நினைத்தால் ஒரு நாட்டின் வாசிப்பையே மாற்றிவிடும்.

பிடுங்கி எறிய முடிந்த கையால் ஒட்டவும் முடியுமே?

*

முடியும் என்பதை இரண்டு ஆண்டு கழித்துப் பெங்களூரில் ஒருவர் கண்டுபிடித்தார்.

அந்த 2015ஆம் ஆண்டின் சூட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்துசெய்தது. புதுச்சேரிக்கு அது அந்நியமான பிரிவு அல்ல. 2012 அக்டோபரில் ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காக இங்கே ஒரு தொழில்முனைவரை அதே பிரிவில்தான் விடியற்காலையில் கைதுசெய்தார்கள். தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், மார்ச் 27 அன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிட்டது. சில செயலிகளுக்குத் தனிக் கட்டணம், சிலவற்றுக்கு இலவசப் பாதை என்று பிரிக்கலாமா என்று கேட்ட தாள். ஏப்ரலில் பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் டிராயின் பெட்டியில் குவிந்தன. எங்கள் பாதையில் யாரும் நிற்காதே என்று இந்தியா அவ்வளவு சத்தமாக அதற்கு முன் கேட்டதில்லை.

ஜூன் மாதம். தேஜேஷ் என்ற நிரலாளர் ஏர்டெல் 3ஜி இணைப்பில் தன் சொந்தத் தளத்தைத் திறந்து பார்க்கிறார். பக்கத்தின் மூல நிரலைப் பிரிக்கிறார். அதை ஒவ்வொரு வரியாக எழுதியவர் அவர்தான். அதற்குள் அவர் எழுதாத வரிகள் கிடக்கின்றன. முகவரி எண் ஒன்றிலிருந்து ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை இழுத்துவரச் சொல்லும் கட்டளை. தளம் இருக்கும் சர்வரில் போய்ப் பார்த்தால் அந்த வரிகள் இல்லை. அங்கிருந்து புறப்பட்டு அவர் கைபேசியை அடைவதற்குள், நடுவழியில் யாரோ செருகியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ஒரு ஜிபி 3ஜி டேட்டா இருநூறு ரூபாயைத் தாண்டும். காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில், கேட்காத நிரல் ஒன்று கூடவே ஏறி வருகிறது. தேஜேஷ் தன் திரையைப் படம்பிடித்தார். செருகப்பட்ட நிரலையும் சேர்த்து கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

சில நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது ஏர்டெல் அல்ல. ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் சார்பில் வந்த நோட்டீஸ் அது. அந்த நிரல் எங்கள் சொத்து, அதைப் பகிரங்கப்படுத்தியது குற்றம், உடனே நீக்கு என்றது. காப்புரிமையோடு நிற்காமல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் இந்திய தண்டனைச் சட்டத்தையும் காட்டி மிரட்டியது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு புகார் கிட்ஹப்புக்கும் போனது. தேஜேஷின் பக்கம் அங்கிருந்து இறக்கப்பட்டது.

இதை எழுதும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை. என் வீட்டுக்குள் யாரோ ஒரு பொருளை வைத்துவிட்டுப் போகிறார். இது என்ன என்று நான் தெருவில் தூக்கிக் காட்டினால், பொருளைக் காட்டியது குற்றம் என்று என்மேலேயே புகார் வருகிறது.

ஏர்டெல் விளக்கம் கொடுத்தது. வாடிக்கையாளர் தாம் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறோம் என்று அறிந்துகொள்ள உதவும் சோதனை முயற்சி அது, எரிக்சன் என்ற கூட்டாளி மூலம் நடந்தது என்றது. ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, நோட்டீசைக் கண்டு தாங்களே வியப்படைந்தோம் என்றும் சொன்னது. அந்த இஸ்ரேலிய நிறுவனத்தின் வியாபாரங்களில் ஒன்று, கைபேசி நிறுவனங்களுக்கு அவர்களின் வாடிக்கையாளர் திரை வழியாக வருமானம் தேடித்தரும் தொழில்நுட்பம். நோக்கம் எதுவாயினும் செய்த வேலை ஒன்றே. அடுத்தவர் எழுதிய பக்கத்தில், படிப்பவர் அறியாமல், கம்பி வைத்திருப்பவர் கை வைத்தார்.

மருந்து தொழில்நுட்பத்திலிருந்தே வந்தது. தள முகவரியின் முன்னால் வரும் ‘எச்டிடிபிஎஸ்’ என்ற பூட்டு. பக்கம் பூட்டப்பட்டு வந்தால் நடுவில் இருப்பவரால் திறந்து செருக முடியாது. அதுவரை அந்தப் பூட்டுக்கான சான்றிதழைப் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ அமைப்பு அதை எல்லோருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. ஏழைத் தளங்களும் பூட்டுப் போட்டுக்கொண்டன.

*

இந்தக் கதையில் அடுத்தடுத்து இரண்டு காட்சிகள் வேகமாக நகர்கின்றன. 2015 செப்டம்பரில் கரீபியன் தீவுகளில் டிஜிசெல் என்ற கைபேசி நிறுவனம், ‘ஷைன்’ என்ற இன்னொரு இஸ்ரேலிய நிறுவனத்தின் கருவியை வைத்து வலைப்பின்னல் மட்டத்திலேயே விளம்பரங்களைத் தடுக்கப்போவதாக அறிவித்தது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் பெரிய நிறுவனங்கள் எங்களுக்குப் பங்கு தரட்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. மறு ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனிலும் இத்தாலியிலும் ‘த்ரீ’ நிறுவனம் அதே கருவியை வாங்கியது. 2016 ஆகஸ்டில் ஐரோப்பியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையாளர்களின் கூட்டமைப்பு தன் வழிகாட்டுதலை வெளியிட்டது. பயனர் தன் கருவியில் தடுத்துக்கொள்ளலாம். இணைப்பு தருபவர் வலைப்பின்னலில் தடுக்கக் கூடாது. நியேலின் பெட்டியில் கிளம்பிய கேள்விக்கு எழுத்தில் வந்த பதில் இது.

இந்தியாவும் அதே திசையில் நடந்தது. 2018இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வலைச் சமத்துவ விதிகளை ஏற்று நிறுவன உரிமங்களுக்குள் சேர்த்தது. உள்ளடக்கத்தைப் பாகுபடுத்தி மறிக்கவோ மெதுவாக்கவோ இணைப்பு நிறுவனத்துக்கு உரிமை கிடையாது. உங்கள் கைபேசியில் நீங்களே ஒரு ஆட் பிளாக்கரை நிறுவிக்கொள்வதைத் தடைசெய்யும் பிரிவு நம் சட்டப் புத்தகத்தில் இல்லை.

அப்படியானால் சுவர்க்காரருக்கே வெற்றி, கதை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஜெர்மனியில் ஒருவர் அப்படி நினைக்கவில்லை.

*

ஆக்சல் ஸ்பிரிங்கர். ‘பில்ட்’, ‘டீ வெல்ட்’ பத்திரிகைகளை நடத்தும் பெருநிறுவனம். எதிரில் கொலோன் நகரத்தின் ‘ஐயோ’ என்ற சின்ன நிறுவனம். ‘ஆட்பிளாக் பிளஸ்’ அதன் பொருள். ஜெர்மன் நீதிமன்றங்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. தொலைக்காட்சியில் விளம்பரம் வந்ததும் தானாகச் சேனலை மாற்றிவிட்டு, நிகழ்ச்சி தொடங்கியதும் திரும்பும் ஒரு கருவியை எதிர்த்து ஆர்டிஎல் சேனல் வழக்குத் தொடுத்தது. 2004இல் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கருவியின் பக்கம் நின்றது. விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடும் நம் வீட்டு அண்ணன்கள் ஜெர்மன் சட்டப்படி நிரபராதிகள்.

ஐயோவின் கையும் முழுக்கச் சுத்தம் என்று சொல்லமாட்டேன். 2011 டிசம்பரில் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார்கள். தொந்தரவில்லாத விளம்பரங்களைத் தடுப்பான் வழிவிட்டு அனுப்பும். அப்படி வழிவிடப்படும் பெரிய நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டும். சுவரைச் சுரண்டிக்கொடுக்க வந்தவர் போஸ்டர்காரரிடமும் காசு வாங்குகிறார். ஸ்பிரிங்கரின் வாதத்தில் கூர்மையான முனை இதுதான். ஆனாலும் 2018 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஐயோவுக்கே தீர்ப்பளித்தது. இது நியாயமற்ற போட்டி ஆகாது. தடுப்பானை இயக்கும் முடிவு பயனருடையது. தடுப்பான் வைத்திருப்பவரைத் தளத்துக்குள் விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் வழி பதிப்பாளருக்கும் இருக்கிறது.

ஸ்பிரிங்கரின் வக்கீல்கள் கோப்பை மூடவில்லை, வேறொரு சட்டத்தைத் திறந்தார்கள். காப்புரிமை. எங்கள் இணையப் பக்கம் ஒரு கணினி நிரல். அது உங்கள் பிரவுசரில் ஓடும்போது தடுப்பான் அதைத் திருத்துகிறது. பாதுகாக்கப்பட்ட நிரலை அனுமதியில்லாமல் திருத்துவது சட்டமீறல் என்றார்கள்.

இந்த வாதத்தின் ஆழம் உடனே உறைக்காது. கண் தெரியாதவர் பக்கத்தை ஒலியாக மாற்றிக் கேட்கிறார். வயதானவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். ஒருவர் ஜெர்மன் பக்கத்தைத் தமிழாக்கிப் பார்க்கிறார், இன்னொருவர் தன்னைப் பின்தொடரும் வேவு நிரலை நிறுத்துகிறார். எல்லாமே பிரவுசருக்குள் வந்த பக்கத்தை மாற்றுகிற வேலை. ஸ்பிரிங்கர் சொல்வது சட்டமானால் இவர்கள் அத்தனை பேரின் தலைமேலும் கத்தி தொங்கும். ‘என் சுவர்’ என்று இத்தனை வாரம் நாம் பேசிவந்தது அடியோடு மாறும். சுவர் உன்னுடையது, ஆனால் அதில் ஒட்டிய தாளைத் தொட உனக்கு உரிமையில்லை என்றாகிவிடும்.

ஹாம்பர்க்கில் இரண்டு நீதிமன்றங்களும் அடுத்தடுத்து ஸ்பிரிங்கரின் வாதத்தைத் தள்ளின. ஸ்பிரிங்கர் மறுபடி உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. தடுப்பான் பக்கத்தில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

2025 ஜூலை 31. உச்ச நீதிமன்றம் ஹாம்பர்க் மேல்முறையீட்டுத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை ரத்துசெய்தது. பிரவுசருக்குள் உருவாகும் அந்த நிரல் வடிவத்துக்குக் காப்புரிமைப் பாதுகாப்பு உண்டா என்பது சரியாக ஆராயப்படவில்லை, திரும்ப விசாரியுங்கள் என்று வழக்கை ஹாம்பர்க்குக்கே அனுப்பியது. ஜெர்மனி ஆட் பிளாக்கரைத் தடைசெய்யும் விளிம்பில் நிற்கிறதா என்று ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொசில்லா சில வாரங்களில் பகிரங்கமாகவே கேட்டது.

ஆனால் ஜெர்மன் நீதிபதிகள் அந்த முடிவைச் சொல்வதற்கு முன் இன்னொரு தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். லக்சம்பர்க்கில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு அது. அதில் பத்திரிகையும் இல்லை, விளம்பரமும் இல்லை. சோனியின் கையடக்க பிளேஸ்டேஷனில் ஓடிய ஒரு மோட்டார் பந்தய விளையாட்டு. வண்டியின் டர்போ வேகம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும் என்பது அதன் விதி. டேடெல் என்ற சிறு நிறுவனம் அந்த விதியை உடைத்து, டர்போ தீராமலே ஓட வைத்தது. சோனி நீதிமன்றத்துக்கு ஓடியது.

2024 அக்டோபர் 17 அன்று லக்சம்பர்க் நீதிபதிகள் கூடினார்கள். ஒரு பொம்மை வண்டி எவ்வளவு தூரம் டர்போவில் ஓடலாம் என்று அவர்கள் சொல்லப்போகும் பதிலில், ஒரு வாசகர் தன் திரையைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் மாட்டிக்கொண்டிருந்தது. தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

(அடுத்த வாரம்: லக்சம்பர்க் சொன்ன பதில்)